பதினைந்து ரூபாய் ரேசரில் படிக்க என்ன இருக்கிறது?

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: தினமும் புழங்கும் பொருட்களின் டிசைனைக் கவனித்துப் படி என்று எல்லோரும் சொல்கிறார்கள், உதாரணத்துக்கு ஷேவிங் ரேசரைக் காட்டுகிறார்கள், அதில் அப்படி என்ன இருக்கிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது, கிருஷ்ணகிரி பக்கம் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியுமா, இல்லை பெங்களூரோ அகமதாபாத்தோ போய் கோர்ஸ் சேர்ந்தால்தான் ஆகுமா என்று.

தாராளமாக இங்கேயே செய்யலாம் தம்பி. ரேசரை உதாரணம் சொன்னவர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நூறு வருடத்து வடிவங்கள் இன்றைக்கும் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகிற பொருள் ரொம்பக் குறைவு. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஏதாவது ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நின்று பாருங்கள், இரட்டை முனை பிளேடு, அதைப் போட்டுத் திருகும் பழைய மாதிரி ரேசர், யூஸ் அண்ட் த்ரோ, ஒற்றை பிளேடு கார்ட்ரிட்ஜ் (பிளேடோடு சேர்த்துக் கழற்றி மாற்றும் தலை), மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ் எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும். அவற்றில் விலை குறைந்ததாக நாலைந்து வாங்கினாலும் ஒரு பாடப்புத்தகக் காசு வராது.

நான் ஒசூரில் பிளாஸ்டிக் அச்சு செய்யும் டூல்ரூமில் வேலை பார்த்தவன். அதனால் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும், இது எந்த அச்சிலிருந்து எப்படி வெளியே வந்திருக்கும் என்றுதான் முதலில் ஓடும். அந்தப் பழக்கத்திலிருந்து உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. பொருளில் தெரிகிற ஒவ்வொரு துளையும் வளைவும் வரியும் யாரோ ஒருவருடைய தேவைக்காக வந்தது, அந்த யாரோ ஒருவர் வாங்குபவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அச்சு அடிக்கிறவராக இருக்கலாம், கடையில் தொங்கவிடுகிறவராக இருக்கலாம், காப்புரிமையை வைத்துச் சண்டை போட்டவராக இருக்கலாம். ஒவ்வொரு அம்சத்தையும் காட்டி ‘இது யாருக்காக?’ என்று கேட்டுக்கொண்டே போவதுதான் டிசைன் படிப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பிளேடிலிருந்து ஆரம்பியுங்கள். இரட்டை முனை பிளேடு ஒன்றை உறையிலிருந்து எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தால், ஏறக்குறைய 43 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. கனம் இருக்கும். நடுவில் ஒரு நீளத் துளை, அது நேராகப் போகாமல் இங்கே அகன்று அங்கே குறுகி, நடுவில் வட்டமாக, ஓரங்களில் வேறு மாதிரியாகப் போகும். உங்கள் அப்பாவின் ரேசரைத் திறந்து பாருங்கள், நடுவில் ஒரு திருகும் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன முளைகளும்தான் இருக்கும். அதற்கு இவ்வளவு நெளிவு சுளிவான துளை எதற்கு?

அந்த ரேசருக்கு அது தேவையில்லை என்பதுதான் பதில். இந்த மாதிரி ரேசரையும் பிளேடையும் கொண்டுவந்த கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1904 நவம்பர் 15-ல். அவருடைய பிளேடில் இருந்தவை மூன்று வட்டத் துளைகள், அவ்வளவுதான். 1903-ல் அவருடைய ஜில்லெட் நிறுவனம் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே ரேசர் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். ஆட்டோஸ்ட்ராப் நிறுவனத்தின் ஹென்றி கெய்ஸ்மன் புரோபாக் என்று ஒரு பிளேடு கொண்டுவந்தார். அது ஜில்லெட் ரேசரிலும் பொருந்தும், ஆனால் ஜில்லெட் பிளேடு அவருடைய ரேசரில் பொருந்தாது. முழு வியாபாரமும் அந்தத் துளையின் வடிவத்தில் இருந்தது. ஜில்லெட்டும் புது பிளேடு போட்டது, வழக்கு வந்தது, கடைசியில் 1930-ல் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகிவிட்டன. பழைய ரேசருக்கும் பொருந்த வேண்டும், புது ரேசருக்கும் பொருந்த வேண்டும் என்ற அந்தக் காலத்துக் கட்டாயம்தான் இன்றைக்கு நம் ஊர்க் கடையில் விற்கும் பிளேடு வரைக்கும் அச்சாக வந்துகொண்டிருக்கிறது. உலகம் முழுக்க ரேசர்கள் இந்தத் துளையை நம்பியே செய்யப்பட்டிருப்பதால் இனி அதை மாற்றவும் யாராலும் முடியாது.

அதே பிளேடின் நாலு மூலைகளையும் பாருங்கள், வெட்டிவிட்ட மாதிரி உள்ளே ஒடுங்கியிருக்கும். அதுவும் 1930 சமாச்சாரம். அதற்கு முன் பிளேடு முழுச் செவ்வகமாக இருந்தது. ஈரக் கையிலிருந்து ரேசர் நழுவித் தரையில் விழுந்தால் தலையின் மூலை கொஞ்சம் நசுங்கும், நசுங்கின இடம் பிளேடின் மூலையைத் தூக்கிப் பிடிக்கும், அப்புறம் அந்த ரேசர் முகத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூலையை வெட்டி எடுத்துவிட்டால், நசுங்கினாலும் தொடுவதற்கு அங்கே பிளேடே இல்லை. கீழே விழப்போகிற பொருள் என்று ஒத்துக்கொண்டு செய்த டிசைன் அது, எனக்கு ரொம்பப் பிடித்த அம்சமும் அதுதான்.

இப்போது அந்த பிளேடை ரேசரில் மாட்டித் திருகுங்கள், பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மேல் மூடி பிளேடை அழுத்தி வளைத்துப் பிடித்திருக்கும். 0.1 மி.மீ. தகடு தனியாக இருந்தால் தொளதொளவென்று ஆடும், முடியில் பட்டால் அதிரும். வளைத்துவிட்டால் விறைப்பு வந்துவிடுகிறது. ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் தொங்கிவிடும், நீளவாக்கில் லேசாக வளைத்துப் பிடித்தால் நேராக நிற்கும், செய்து பாருங்கள். அந்த வளைவே வெட்டும் கோணத்தையும் தீர்மானிக்கிறது. மூடியின் ஓரமும் கீழேயுள்ள தடுப்புச் சட்டமும் தோலில் பட்டால், பிளேடு தோலோடு சுமார் 30 டிகிரியில் தானாக வந்து நிற்கும். சட்டத்துக்கும் பிளேடுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, பிளேடு எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது, இந்த இரண்டு அளவில் கொஞ்சம் மாறினாலும் ஒரு ரேசர் சாதுவாக இருக்கும், இன்னொன்று கடிக்கும். சில தலைகளில் அந்தச் சட்டம் பல் பல்லாகவோ அலை அலையாகவோ இருக்கும், நுரை முழுவதையும் வழித்துத் தள்ளாமல் கொஞ்சம் உள்ளே விடுவதற்காக.

இதைப் புரிந்துகொள்ள நேராக ஒரு சலூனுக்குப் போங்கள். அண்ணன் கையில் இருப்பது மடிப்புக் கத்தி, அதில் பாதி பிளேடு. காகித உறையோடு சேர்த்து பிளேடை நடுவில் மடித்து டக்கென்று இரண்டாக உடைப்பார், பிளேடின் கூர்மையில் விரல் படாது. அந்தக் கத்தியில் தடுப்பு எதுவும் கிடையாது. கோணம் அவருடைய மணிக்கட்டில் இருக்கிறது, இடது கைக் கட்டைவிரல் தோலை இழுத்துப் பிடித்திருக்கிறது, தாடை எலும்பு வந்ததும் கத்தி படுக்கிறது, கழுத்தில் திரும்பவும் எழுகிறது. அந்த மணிக்கட்டின் வேலையில் ஒரு பங்கை எடுத்து மூடியிலும் சட்டத்திலும் வைத்ததுதான் ஜில்லெட்டின் ரேசர். கைத்திறன் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், தையல் மெஷின், மாவு கிரைண்டர், டிராக்டர் கலப்பை என்று எதையும் நீங்கள் பிரித்துப் படிக்கலாம்.

பிளேடு முனை ஏன் மழுங்குகிறது என்பதும் ஒரு நல்ல கேள்வி. முடி அந்த எஃகைவிடச் சுமார் ஐம்பது மடங்கு மென்மையானது, அது எப்படி எஃகைக் கெடுக்கும்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2020-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். முனை தேய்ந்து உருண்டு போவதைவிட, சின்னச் சின்னப் பொக்கையாகச் சில்லு பெயர்வதுதான் நடக்கிறது. முடி சாய்ந்து வளைந்து பிளேடின் பக்கவாட்டில் தள்ளும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடம் அங்கே இருந்துவிட்டால் சில்லு கழன்றுவிடும். நேராக வெட்டினால் அவ்வளவு பாதிப்பு இல்லை. ஆக, முடி எந்தக் கோணத்தில் பிளேடைச் சந்திக்கிறது என்பது சுகத்தை மட்டுமல்ல, பிளேடின் ஆயுளையும் பாதிக்கிறது.

கைப்பிடி. உலோக ரேசரில் சாய்சதுரமாக வெட்டிய சொரசொரப்பு இருக்கும், லேத்தில் நர்லிங் என்று நீங்களே போட்டிருப்பீர்கள். சோப்புக் கைக்கு அது போதும். யூஸ் அண்ட் த்ரோ கைப்பிடிதான் என் பாடம், இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

அதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கம் திடமாகத் தெரிந்தது பின்னால் குழிவாக இருக்கும், குழியில் குறுக்கே மெல்லிய சட்டங்கள் ஓடும், ரிப் என்போம். பிளாஸ்டிக் மிச்சம் பிடிக்க என்று உடனே தோன்றும், அது பாதிதான். கனமான பிளாஸ்டிக்கில் வெளித்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே மெதுவாக ஆறிச் சுருங்கும்போது வெளித்தோலை உள்ளே இழுக்கும், மேலே பள்ளம் விழும். அது மட்டுமல்ல, அச்சு ஒருமுறை மூடித் திறக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஆறுவதற்குத்தான் போகிறது. சுவர் மெல்லிசானால் சீக்கிரம் ஆறும், ஒரு மணி நேரத்தில் அதிகம் அடிக்கலாம். குறைந்த விறைப்பை அந்தச் சட்டங்கள் ஈடுகட்டும். எனவே பின்பக்கக் குழி யாருக்காக? மெஷினுக்காக.

நகத்தால் கைப்பிடியின் ஓரமாகத் தடவிப் போங்கள், மயிரிழை மாதிரி ஒரு கோடு தட்டுப்படும். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடம் அது. நல்ல டிசைனர் அந்தக் கோட்டை விரல் அழுந்தாத இடத்திலோ, ஏற்கெனவே விளிம்பு இருக்கும் இடத்திலோ கொண்டுபோய் மறைப்பார். எங்கோ ஒரு இடத்தில் சின்னப் புள்ளி கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், பிளாஸ்டிக் உள்ளே புகுந்த வாசல் அது. உட்பக்கம் வட்ட வட்டமாகத் தெரியும் தடங்கள், பொருளை அச்சிலிருந்து வெளியே தள்ளிய பின்கள். அப்புறம் கண்ணுக்கே தெரியாத அளவில் ஒரு எண் இருக்கும், 7 என்றோ 12 என்றோ. ஒரே அச்சில் பல குழிகள் இருக்கும்போது, இது எந்தக் குழியில் வந்தது என்று சொல்லும் எண் அது. நாளைக்கு ஒரு கைப்பிடியில் விரிசல் என்று புகார் வந்தால் முழு அச்சையும் பிரிக்க வேண்டாம், அந்த ஒரு குழியைப் பார்த்தால் போதும். டூத்பிரஷ், பாட்டில் மூடி, சுவிட்ச் பெட்டி என்று எதிலும் தேடுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சரி, பயன்படுத்துகிறவருக்கு வருவோம். இந்த இடத்தில் நம் மாவட்டங்களுக்கும் ரேசருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, ஏனென்றால் விஷயம் தண்ணீர்.

2002-ல் ஜில்லெட் இந்தியாவுக்கென்று வெக்டர் ரேசர் கொண்டுவந்தது. பிளேடுகளுக்கு நடுவே சிக்கும் முடியைத் தள்ளிவிட அதில் ஒரு பட்டை வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தது, தலைமையகம் இருக்கும் பாஸ்டன் பக்கத்தில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம். அவர்களும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவுக்கு வந்ததும் ரேசர் அடைத்துக்கொண்டது. பாஸ்டனில் குழாயைத் திறந்துவிட்டு ரேசரைக் காட்டினால் முடி போய்விடும், இங்கே ஒரு சொம்பிலோ மக்கிலோ கொஞ்சம் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் முக்கி முக்கி எடுக்கிறவர்கள்தான் அதிகம். அந்தப் பட்டை வேலை செய்ய ஓடும் தண்ணீர் வேண்டும் என்பது, தண்ணீர் ஓடும் ஊரில் சோதித்தால் எப்படித் தெரியும்?

2005-ல் பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) நிறுவனம் ஜில்லெட்டை வாங்கியது. அதன்பிறகு அவர்கள் இந்தியாவிலேயே வந்து உட்கார்ந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு மொத்தம் 3,000 மணி நேரம், வீட்டுக்குப் போய், ஷேவ் செய்யும்போது பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். மங்கலான வெளிச்சம், தரையில் உட்கார்ந்துகொண்டு கையில் சின்னக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர். அந்த நிலையில் ஒருவர் வேண்டுவது வழுவழுப்பான கன்னம் இல்லை, வெட்டுப்படாமல் எழுந்திருப்பதுதான். 2010-ல் ஜில்லெட் கார்ட் வந்தது, ரேசர் 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். ஒரே பிளேடு. ஜில்லெட்டின் மூன்று பிளேடு ரேசரான மாக் 3-ல் 25 பாகங்கள் என்றால் இதில் 4. முன்னால் சீப்பு மாதிரி பற்கள், தோலைச் சமமாக்கவும் நம்மவர்களின் தடித்த முடியை வாகாக்கவும். முடி தங்காமல் முக்கி எடுத்ததும் போய்விடும்படி உள்ளே திறப்பான வழி. ஆளாளுக்கு ஒரு விதமாகப் பிடிக்கிறார்கள் என்பதால் கைப்பிடியில் முண்டு முண்டாகப் புடைப்பு. கைப்பிடி அடியில் ஒரு துளை, ஆணியில் மாட்ட. இப்போது அந்தத் துளையைப் பார்த்து ‘இது யாருக்காக?’ என்று கேளுங்கள். பாத்ரூமில் அலமாரி இல்லாத வீட்டுக்காக. ஒரு துளைக்குள் ஒரு வீட்டின் அமைப்பே இருக்கிறது.

ஆனால் அவர்கள் பார்த்த தண்ணீரோடு நம் தண்ணீரும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இங்கேதான் நீங்கள் புதிதாகப் பார்க்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஃப்ளோரைடுக்கும் ஷேவிங்குக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அதே போர் தண்ணீர் பல ஊர்களில் கடினமாகவும் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க, சமைக்க. குளிக்க, துவைக்க, ஷேவ் செய்ய உப்புத் தண்ணி. அதில் கால்சியம், மெக்னீசியம் இருப்பதால் சோப்பு நுரைக்காது, வெள்ளைப் படிவாகத் திரியும். அந்தப் படிவு முடியோடு சேர்ந்து பிளேடுகளின் இடுக்கில் போய் ஒட்டிக் காய்ந்தால் மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜின் கதி என்ன, ஒற்றை பிளேடின் கதி என்ன, திறந்து கழுவ முடிகிற பழைய ரேசரின் கதி என்ன? மூன்றையும் ஒரே உப்புத் தண்ணியில் கொஞ்ச நாள் புழங்கவிட்டு லென்ஸ் வைத்துப் படம் எடுங்கள். இதைவிட நல்ல ப்ராஜெக்டை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது.

பிளேடு எண்ணிக்கை ஏறிய கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1971-ல் ஜில்லெட்டின் டிராக் 2, இரண்டு பிளேடு. முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அது திரும்ப உள்ளே போவதற்குள் இரண்டாவது வெட்டும் என்பது யோசனை. 1990-ல் சென்சார், ஒவ்வொரு பிளேடும் தனித்தனி ஸ்ப்ரிங்கில். 1998-ல் மாக் 3. 2006-ல் ஃப்யூஷன், ஐந்து பிளேடு. ஐந்தைச் சேர்த்ததும் தலை அகலமாகி மூக்குக்குக் கீழே போகவில்லை, அதனால் பின்பக்கம் தனியாக ஆறாவது பிளேடு ஒன்று வைத்தார்கள். ஒரு அம்சம் இன்னொரு அம்சத்தைக் கேட்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். பிளேடுகளை நெருக்கி வைத்தால் நடுவில் தோல் பிதுங்காது, சுகமாக இருக்கும், ஆனால் அலசுவது கஷ்டம். தள்ளி வைத்தால் தலைகீழ். கார்ட்ரிட்ஜ் மேலே ஈரத்தில் வழுவழுக்கும் பட்டை 1985-ல் வந்தது. பின்னாளில் அதில் நிறம் மங்கும் கோடும் வந்தது, மாற்ற வேண்டிய நேரம் என்று சொல்ல. அந்தக் கோடு யாருக்காக என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உப்புத் தண்ணியும் சொம்பும் இருக்கும் வீட்டுக்கு ஒற்றை பிளேடுதான் சரியான டிசைன், விலை பேச்சே அப்புறம்.

ரேசரோடு நிற்க வேண்டாம். டிவிஎஸ் 50 வந்தது 1980-ல், இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட், ஒசூரில் தயாரானது. அப்போது ஒசூர் தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்தான். அதன் வாரிசான எக்ஸ்எல்லைப் பாருங்கள், கியர் இல்லை, கால் வைக்கும் இடத்தில் மூட்டை நிற்க இடம், பின் சீட்டைக் கழற்றினால் சுமை வைக்கும் தளம். இதைவிட முக்கியம், அதை வாங்கியவர்கள் வெல்டிங் பட்டறையில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது. பால் கேன் தொங்கக் கம்பி, பக்கத்தில் கொக்கி, காய்கறிக் கூடைக்குச் சட்டம். போச்சம்பள்ளி சந்தை நாளில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று படம் வரைந்தால், கம்பெனி யோசிக்காமல் விட்ட தேவைகளின் பட்டியல் உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்று, தர்மபுரி பட்டுக்கூடு சந்தைக்கு வரும் கூடு எங்கே கட்டப்படுகிறது என்று போய்ப் பாருங்கள். சந்திரிகை என்ற மூங்கில் தட்டு, அதன் மேல் மூங்கில் பின்னலை ஓரமாக நிறுத்திச் சுருள் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். சுருளுக்கும் சுருளுக்கும் உள்ள இடைவெளிதான் உயிர். புழு உடம்பை வளைத்து இரண்டு பக்கமும் நூலை ஒட்ட அந்த அகலம் தோதாக இருக்க வேண்டும். புழுக்கள் நெருக்கமாகிவிட்டால் இரண்டு சேர்ந்து ஒரே கூடு கட்டும், அந்த இரட்டைக் கூட்டிலிருந்து நூல் சீராக வராது. தட்டைச் சாய்த்து நிறுத்துவது, புழு கூடு கட்டுமுன் விடும் கழிவுநீர் வடிந்து கூட்டில் கறை படாமல் இருக்க. இப்போது நேத்ரிகா என்ற பிளாஸ்டிக் மடிப்பு வலை பரவலாகிவிட்டது: கழுவலாம், மடித்து மூலையில் போடலாம், மூங்கில் தட்டு அடைக்கும் இடத்தில் சிறு பங்குதான். ஆனால் மூங்கில் ஈரத்தை இழுக்கும், பிளாஸ்டிக் இழுக்காது, அதனால் புழு வளர்க்கும் மனையில் காற்றோட்டத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. பொருள் மாறியதும் பழைய பொருள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த ஒரு வேலை யார் தலையிலோ வந்து விழுகிறது. இதைக் கண்டுபிடிப்பதுதான் ஒப்பிட்டுப் படிப்பதன் பலன். மாங்காய் பறிக்கும் வலைக் கம்பிலும் இதே மாதிரி பார்க்கலாம். காம்பைக் கொஞ்சம் விட்டு அறுக்கிற மாதிரி கத்தி இருந்தால் பால் வழிந்து தோல் கறுக்காது, கொக்கியால் இழுத்தால் காம்பு அடியோடு பிய்ந்துவிடும்.

செய்யும் முறைக்குப் பெரிய கருவி வேண்டாம். வெர்னியர் காலிபர், வாட்ச் ரிப்பேர்காரர் வைக்கும் கண் லென்ஸ், கோடு போடாத நோட்டு. காயலான் கடையில் உடைந்த மிக்ஸி, பூட்டு, டார்ச் லைட் எடைக்குப் போட்டுத் தருவார்கள். ஒரு பொருளை எடுத்தால் அதே பொருளின் விலை கூடிய அண்ணனையோ காலத்தால் மூத்த அண்ணனையோ பக்கத்தில் வையுங்கள், தனியாக இருக்கும் பொருள் எதையும் சொல்லாது. இரண்டு மடங்கு பெரிதாகக் கையால் வரையுங்கள். போட்டோ எடுத்தால் கண் தாண்டிப் போய்விடும், வரையும்போது ஒவ்வொரு ஓரத்திலும் நின்றாக வேண்டும். பாகங்களை எண்ணுங்கள், எதனால் ஆனது, எப்படிச் செய்தது, யாருக்காக என்று பக்கத்தில் எழுதுங்கள். கடைசியாக ஒரு அம்சத்தை மாற்றுவதாக வைத்துக்கொண்டு, அதனால் வேறு என்னென்ன கெடும் என்று எழுதுங்கள். இந்தக் கடைசி வரியை மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள், பாடமே அதில்தான்.

அப்புறம் ஆட்களைப் பார்ப்பது. ‘ரேசர் எப்படி இருக்கு மாமா?’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார், அதோடு முடிந்தது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் ரேசரைச் சொம்பு விளிம்பில் தட்டுகிறார், எத்தனை இழுப்புக்கு ஒருமுறை முக்குகிறார், மேல் உதட்டில் எப்படிப் பிடியை மாற்றுகிறார், முடிந்ததும் எங்கே வைக்கிறார். அனுமதி வாங்காமல் படம் எடுக்காதீர்கள். பழைய பிளேடுகளை மூடி போட்ட தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள், குப்பை அள்ளும் அக்காக்களின் கை அதில்தான் கிழிகிறது. சில பிளேடு டப்பாக்களின் பின்புறம் பழைய பிளேடு போடவே ஒரு இடுக்கு இருக்கும், கடையில் தேடிப் பாருங்கள், அதையும் நோட்டில் சேர்க்கலாம்.

கோர்ஸ் பற்றி. இப்போது எங்கேயும் ஓட வேண்டாம், பி.இ.யை முடியுங்கள். அப்புறமும் இதே ஆசை இருந்தால் டிசைனில் முதுநிலைப் படிப்பான எம்.டெஸ். படிக்க சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது, ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துகிறது, பொறியியல் முடித்தவர்கள் எழுதலாம். பம்பாய் வேண்டாம் என்றால் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யிலும் எம்.டெஸ். உண்டு, உங்களுக்குப் பஸ் ஏறினால் போதும். தேர்வின் இரண்டாம் பகுதியில் கையால் வரையச் சொல்வார்கள், பொருளில் இருக்கும் பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தீர்வை விளக்கச் சொல்வார்கள். நேர்காணலில் உங்கள் வேலைகளின் தொகுப்பைக் கேட்பார்கள். கம்ப்யூட்டரில் பளபளவென்று போட்ட கற்பனைக் கார் படங்கள் நிறைய பேரிடம் இருக்கும். பர்கூர் பக்கத்து உப்புத் தண்ணியில் மூன்று வித ரேசர் எப்படி அடைத்துக்கொண்டது என்று அளவு போட்டு, லென்ஸ் படத்தோடு, தீர்வுக்கு ஒரு மாதிரியும் செய்து கொண்டுபோங்கள், அதைப் பற்றி அவர்கள் கேட்கிற எந்தக் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்கும்.